கோடு கிழித்தவர்களும் கோட்டில் வாழ்பவர்களும்

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையில், வில்லியனூரைக் கடந்து மேற்கு நோக்கிப் பயணம் செய்வோர் ஒரு வேடிக்கையைக் காணலாம். அரியூர் வரையில் புதுச்சேரி. கண்டமங்கலம் வந்தால் தமிழ்நாடு. திருபுவனையில் மீண்டும் புதுச்சேரி. மதகடிப்பட்டைத் தாண்டி வளவனூரை நோக்கினால் மறுபடியும் தமிழ்நாடு. பேருந்தில் கண்ணயர்ந்து வருபவர் இவ்வெல்லைகள் எதனையும் அறியார். மண்ணில் மாற்றமில்லை, பயிரில் மாற்றமில்லை, பேசும் மொழியிலும் மாற்றமில்லை. இன்று அந்த எல்லைக் கோடு மதுவின் விலையிலும் பெட்ரோலின் விலையிலும் மட்டுமே கண்ணுக்குப் புலப்படுகிறது.

ஆனால் ஒரு காலத்தில் இதே கோடு இரண்டு நாடுகளின் எல்லையாக இருந்தது. கோட்டுக்கு இப்பால் பிரெஞ்சுக் கொடி. அப்பால், 1947-ஆம் ஆண்டு முதல், சுதந்திர இந்தியாவின் கொடி. திண்ணையில் அமர்ந்து பழைய கதை பேசும் பெரியோர்களை நாம் திருபுவனைப் பக்கத்தில் கண்டிருக்கிறோம். அவர்கள் சொன்னவற்றுள் ஒன்று நம் மனத்தை விட்டு அகலவில்லை. நிலம் ஓர் அரசாங்கத்தில், களம் வேறோர் அரசாங்கத்தில். பெண் எடுத்த வீடு ஒரு நாட்டில், பெண் கொடுத்த வீடு மறு நாட்டில். கோடு கிழித்தவர்கள் எங்கோ இருந்தார்கள். கோட்டின் மேல் குடியிருந்தவர்கள் இவர்கள்.

அன்பார்ந்த வாசகர்களே! எல்லைத் தகராறு என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு இமயமலையும் பனிப்பாறைகளும் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் நம் தமிழ்க் கடலிலேயே, நம் அந்தோனியார் கோயில் ஒன்று நிற்கும் ஒரு சிறு தீவின் பெயரால், இரண்டு அண்டை நாடுகளுக்கிடையே தலைமுறை தலைமுறையாக ஒரு வழக்கு நடந்து வருகிறது. அந்தக் கச்சத்தீவைப் பற்றி எழுதவே முற்பட்டோம். எல்லையோடு வாழ்ந்த திருபுவனையில் நின்று பார்க்கும்போது, அவ்வழக்கின் முகம் வேறாகத் தெரிகிறது.

நம் எல்லை எவ்வாறு மறைந்தது?

முதலில் நம் வீட்டுக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். பிரெஞ்சிந்தியாவுக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் இடையே 1941-இல் ஏற்பட்ட சுங்க உடன்பாட்டினால் சரக்குகள் தடையின்றிப் போய்வந்தன. 1949-இல் இந்திய அரசு அவ்வுடன்பாட்டை முடிவுக்குக் கொண்டுவந்தது. அதன் பின்னர் ஊருக்கு ஊர் சுங்கச் சாவடிகளும் சோதனைகளும் வந்தன. கள்ளக் கடத்தல் ஒரு தொழிலாகவே வளர்ந்தது. நம் உயர்மறைமாவட்டமோ கோட்டின் இருபுறத்தும் பங்குகளைக் கொண்டிருந்தது. வில்லியனூர் லூர்தன்னையின் திருத்தலத்தைத் தேடி இருபுறத்து மக்களும் வந்தனர்.

பின்னர் 1954-ஆம் ஆண்டு வந்தது. மார்ச் மாத இறுதியில் நெட்டப்பாக்கத்தில் மூண்ட விடுதலைக் கனல் மேற்கெல்லைக் கிராமங்களில் பரவியது. அவ்வாண்டு அக்டோபர் 18-ஆம் நாள் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் கூடினர். வாக்களித்தோர் 178 பேர். இந்தியாவுடன் இணைவதற்கு ஆதரவாக 170 பேரும், எதிராக 8 பேரும் வாக்களித்தனர். நவம்பர் 1-ஆம் நாள் ஆட்சி கைமாறியது. 1956 மே 28-இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்டு 16-இல் சட்டப்படி முழுமை பெற்றது.

ஒவ்வொரு குடிமகனிடமும் வாக்குக் கேட்கவில்லையே என்று குறை கூறுவோர் உண்டு. அக்குறையில் நியாயமும் உண்டு. ஆயினும் இந்த மண்ணில் வாழ்ந்தவர்கள் தேர்ந்தெடுத்த மனிதர்களேனும் கேட்கப்பட்டார்கள் என்பதை மறுக்க இயலாது. எதிர்த்து வாக்களித்த அந்த எட்டுப் பேரின் கணக்கும் வரலாற்றில் பதிந்திருக்கிறது. இதனை மனத்தில் வைத்துக்கொண்டு கடலுக்குச் செல்வோம்.

285 ஏக்கர் நிலம்

கச்சத்தீவின் பரப்பு ஏறத்தாழ 285 ஏக்கர். நம் பக்கத்துப் பெரிய ஏரி ஒன்றின் பரப்பளவு கூட அதற்கு இல்லை எனலாம். இராமேசுவரத்திலிருந்து ஏறத்தாழ 33 கிலோமீட்டரும், யாழ்ப்பாணத்தின் நெடுந்தீவிலிருந்து ஏறத்தாழ 24 கிலோமீட்டரும் தொலைவில் பாக் நீரிணையில் கிடக்கிறது. நிலையான குடியிருப்பு இல்லை. குடிப்பதற்கேற்ற நன்னீர் கிடைப்பது அரிது. களைத்து வந்த மீனவர் கரையேறி வலையை உலர்த்தி இளைப்பாறும் இடமாக அது நெடுங்காலம் விளங்கியது.

அங்குள்ள ஒரே திருத்தலம் புனித அந்தோனியார் கோயில். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம்புதாளையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாச்சி என்பவர் அதனை எழுப்பினார் என்று கரையோர மக்கள் கூறுவர். ஆண்டுதோறும் பிப்ரவரி அல்லது மார்ச்சு மாதத்தில் திருவிழா நடைபெறும். முதல் நாள் கொடியேற்றமும் சிலுவைப்பாதையும் இரவில் தேர்ப்பவனியும். மறுநாள் காலையில் திருவிழாத் திருப்பலி. இராமேசுவரத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் குருக்கள் வருவர். அக்கரைத் தமிழரும் இக்கரைத் தமிழரும் ஒரே பீடத்தின் முன் மண்டியிடுவர். உறவு விட்டுப்போகாமல் இருப்பதற்கும், பண்டங்களை மாற்றிக்கொள்வதற்கும், நலம் விசாரிப்பதற்கும் அந்த இரண்டு நாட்கள் போதுமானவையாக இருந்தன. உள்நாட்டுப் போர்க்காலத்தில் தடைப்பட்ட அவ்விழா, போர் முடிந்தபின் 2010-இல் மீண்டும் சிறப்புற்றது. 2016 டிசம்பரில் புதிய கோயில் ஒன்றும் அங்கே அருட்பொழிவு பெற்றது.

இரு தரப்பின் வழக்கு

இந்தத் தீவு யாருடையது? இராமநாதபுரம் சேதுபதிகளின் சமீனுக்கு உட்பட்டது என்பது நம் பக்கத்து வாதம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சமீன் எழுதிக்கொடுத்த குத்தகைப் பத்திரங்களை அதற்குச் சான்றாகக் காட்டுவர். போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலம் தொட்டே அது யாழ்ப்பாண ஆட்சிக்கு உட்பட்டிருந்தது என்பது இலங்கையின் வாதம். 1921-ஆம் ஆண்டு சென்னை மாகாண அரசின் பிரதிநிதிகளும் இலங்கை அரசின் பிரதிநிதிகளும் கொழும்பில் கூடி, மீன்பிடிப்பதற்கான எல்லையைப் பற்றிப் பேசினர். தீவு தன் பக்கம் இருக்குமாறு கோடு அமையவேண்டும் என இலங்கை வற்புறுத்தியது. நிலவுரிமையை விட்டுக்கொடுக்காமல், மீன்பிடிப்பின் பொருட்டு மட்டும் சென்னைப் பிரதிநிதிகள் அதற்கு இசைந்தனர். அன்றே முடிந்திருக்க வேண்டிய வழக்கு, முடியாமலேயே இரு நாடுகளின் சுதந்திரத்தையும் கடந்து வந்தது.

1974 சூன் 26-இல் கொழும்பிலும் 28-இல் புதுதில்லியிலும் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. இந்தியப் பிரதமர் இந்திரா காந்தியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையொப்பமிட்டனர். பாக் நீரிணையில் எல்லைக் கோடு வரையப்பட்டது. அக்கோடு கச்சத்தீவுக்கு மேற்கே ஏறத்தாழ ஒரு மைல் தொலைவில் சென்றபடியால், தீவு இலங்கையின் பக்கமாயிற்று. இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே, கடவுச்சீட்டோ விசாவோ இன்றி, கச்சத்தீவுக்குச் செல்லலாம் என ஐந்தாம் பிரிவு கூறியது. இரு நாட்டுப் படகுகளும் பரம்பரையாக அனுபவித்து வந்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என ஆறாம் பிரிவு கூறியது. மீன்பிடி உரிமையும் காக்கப்பட்டுள்ளது என்றே நாடாளுமன்றத்தில் அன்று விளக்கம் தரப்பட்டது.

இரண்டே ஆண்டுகளில் நிலைமை மாறியது. 1976 மார்ச்சு 23-இல் மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்குமான எல்லை உடன்படிக்கை ஏற்பட்டது. அதனுடன் பரிமாறிக்கொள்ளப்பட்ட கடிதங்களின்படி, ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிக்கலாகாது என்றாயிற்று. கன்னியாகுமரிக்குத் தெற்கே மீன்வளம் மிக்க வாட்ஜ் திட்டு இந்தியாவுக்கு உறுதியானதும் அந்த உடன்படிக்கையினால்தான். அதனை மறைத்துப் பேசுவது முறையாகாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்போது நாட்டில் அவசரநிலை அமலில் இருந்தது. தமிழ்நாட்டு அரசு 1976 சனவரி 31-இல் கலைக்கப்பட்டிருந்தது. குறை சொல்லச் சட்டமன்றமே இல்லை. இராமேசுவரத்து மீனவரையோ நெடுந்தீவு மீனவரையோ அழைத்து, உங்கள் எண்ணம் யாது என்று வினவியவர் யார்? கீழூரில் நடந்தது போன்ற ஒரு கூட்டம் கடற்கரையில் நடக்கவே இல்லை.

காரைக்காலின் கண்ணீர்

திருபுவனையில் கடல் இல்லையே, நமக்கு இதில் என்ன என்று நினைத்தல் ஆகாது. நம் புதுச்சேரி ஆட்சிப்பரப்பின் ஒரு பகுதியான காரைக்காலிலிருந்தும் படகுகள் அக்கடலுக்குச் செல்கின்றன. 2025 சனவரி 28-ஆம் நாள் நெடுந்தீவுக்கு அருகே, 13 மீனவர் சென்ற காரைக்கால் படகு ஒன்றின்மீது இலங்கைக் கடற்படை துப்பாக்கிச் சூடு நடத்தியது, மீனவர் காயமுற்றனர். 2017 மார்ச்சில் இராமேசுவரம் தீவைச் சேர்ந்த மீனவ இளைஞர் ஒருவர் கடலிலேயே சுடப்பட்டு இறந்தார். பிடிபட்டோர் சிறையில் வாடுகின்றனர், படகுகள் பறிமுதலாகின்றன. 2024-ஆம் ஆண்டு, சிறைப்பட்ட மீனவரின் பொருட்டு, இராமேசுவரத்து மீனவர் கச்சத்தீவுத் திருவிழாவையே புறக்கணித்தனர். இருகரை மக்களும் கூடிச் செபிக்கும் ஒரே நாளும் அவ்வாண்டு இவ்வாறு கைநழுவிற்று.

படகில் செல்வோர் பெரும்பாலும் படகின் உரிமையாளர் அல்லர். நாட்கூலிக்கும் பங்குக்கும் செல்பவர்கள். அவர்களில் ஒருவர் ஆறு மாதம் சிறையிலிருந்தால், வீட்டில் பள்ளிக் கட்டணம் நிற்கிறது. நகை அடகுக்குப் போகிறது. வயது வந்த பெண்ணின் திருமணப் பேச்சு தள்ளிப்போகிறது. எல்லைத் தகராறு செய்தித்தாளில் ஒரு பத்திதான். குடும்பத்தில் அதுவே முழுக் கதையாகிவிடுகிறது.

அக்கரையிலும் ஓர் அடுப்பு

இவ்வளவும் எழுதிவிட்டு இத்துடன் நிறுத்துவோமாயின், நாம் பாதி உண்மையையே சொன்னவர்களாவோம். ஏனெனில் அக்கரையில் கண்ணீர் விடுவோரும் நம் தமிழரே. அவர்களுள் பலர் நம்மைப் போலவே செபமாலை சொல்லி உறங்கச் செல்லும் கத்தோலிக்க மக்களே.

1983-க்குப் பின் போரின் காரணமாக வடஇலங்கை மீனவர் கடலுக்குச் செல்லத் தடைவிதிக்கப்பட்டது. ஆளற்ற அக்கடலில் நம் விசைப்படகுகள் தாராளமாகச் சென்று பழகின. 1960-களிலிருந்து இறால் ஏற்றுமதியின் பொருட்டு ஊக்குவிக்கப்பட்ட இழுவைமடி, அதற்குள் நம் கரையோரத்து மீன்வளத்தைத் தேய்த்துவிட்டிருந்தது. 2009-இல் போர் முடிந்து, எல்லாவற்றையும் இழந்த அக்கரை மீனவர் கடன் வாங்கிச் சிறு படகும் வலையும் தேடிக்கொண்டு கடலில் இறங்கியபோது, அங்கே நம் படகுகளைக் கண்டனர்.

இழுவைமடி எவ்வாறு இயங்குகிறது என்பதை உள்நாட்டு வாசகர் அறிந்துகொள்ளுதல் நலம். கனமான பலகைகளால் வாய் விரிக்கப்பட்ட பை போன்ற வலை கடலின் தரையோடு இழுத்துச் செல்லப்படுகிறது. பாக் நீரிணை ஆழமற்ற கடல். வலை செல்லும் வழியில் கடற்புல்லும் முட்டையும் குஞ்சும் யாவும் வாரப்படுகின்றன. விளைந்த வயலில் கதிரறுக்காமல் மண்ணோடு வழித்தெடுத்தால் அடுத்த போகத்திற்கு என்ன மிஞ்சும்? வயல் வேலை தெரிந்த திருபுவனை மக்களுக்கு இதைவிட விளக்கம் வேண்டாம். இரவில் அக்கரை மீனவர் விரித்துவைத்த வலைகளையும் அப்படகுகள் அறுத்துக்கொண்டு போய்விடுகின்றன. வலை இழந்தவனுக்கு மீண்டும் கடன். 2017-இல் இலங்கை தன் கடலில் இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. 2018-இல் அயல்நாட்டுப் படகுகளுக்கான அபராதத்தையும் மிகக் கடுமையாக உயர்த்தியது.

சுடுவது பெருங்குற்றம், பசிக்காக எல்லை தாண்டிய ஏழையைச் சிறையில் வாட்டுவது கொடுமை. இதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் ஏழையின் வலையை அறுப்பதும் குற்றமே. அறுத்தவன் நம்மவன் என்பதனால் அது குற்றமில்லாமற் போகாது.

தீவு திரும்பினால் தீருமா?

கச்சத்தீவை மீட்க வேண்டும் என்று தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 1991-இலும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஏப்ரல் 2-ஆம் நாளும் நிறைவேற்றியது. செயலலிதா 2008-இலும், மு. கருணாநிதி 2013-இலும் உச்ச நீதிமன்றத்தை நாடினர். 2025 செப்டம்பர் 1-ஆம் நாள் இலங்கைக் குடியரசுத் தலைவர் அநுர குமார திசாநாயக்க தாமே கச்சத்தீவில் வந்திறங்கி, அது தம் நாட்டினது என்பதை உலகுக்குக் காட்டினார். ஒவ்வொரு தேர்தலிலும் தீவின் பெயர் எழுகிறது. தேர்தல் முடிந்ததும் அடங்கிவிடுகிறது.

தீவு கைமாறிய விதத்தில் மக்களுக்கு இழைக்கப்பட்ட மனக்குறை உண்மையானது. ஆயினும் ஒன்றைத் துணிந்து சொல்ல வேண்டியிருக்கிறது. நாளையே தீவு திரும்பினாலும், படகுகள் சென்று மீன் தேடும் நெடுந்தீவுக் கடல் நம்முடையதாகிவிடாது. வற்றிய மீனும் திரும்பிவிடாது. தீவு ஒரு வழக்கு. மீன் மற்றொரு வழக்கு. முன்னதைப் பேசிப் பேசிப் பின்னதை மறந்துபோனோம்.

பிறர் தீர்த்த விதம்

தீராத எல்லை வழக்கு உலகில் இல்லையா என்றால், தீர்ந்தவையும் உண்டு. தென் அமெரிக்காவின் தென்கோடியில் பீகிள் கால்வாயின் வாயிலில் மூன்று சிறு தீவுகள். அர்சென்டினாவும் சிலியும் அவற்றுக்காக 1978 டிசம்பரில் போர் தொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டன. இரண்டும் கத்தோலிக்க மக்கள் நிறைந்த நாடுகள். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கர்தினால் அந்தோனியோ சமோரேயைத் தூதராக அனுப்பினார். ஆண்டுக்கணக்கில் பேச்சு நடந்தது. பணி முடியுமுன்னே 1983-இல் கர்தினால் இறைவனடி சேர்ந்தார். 1984 நவம்பர் 29-இல் வத்திக்கானில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. தீவுகள் சிலிக்குச் சென்றன; வெளிக்கடலின் பெரும்பகுதி அர்சென்டினாவுக்குக் கிடைத்தது. கையெழுத்துக்கு முன் அர்சென்டினா தன் மக்களின் கருத்தை வாக்கெடுப்பினால் அறிந்துகொண்டது. தீவையும் கடலையும் தனித்தனியே பிரித்துப் பார்த்ததனால்தான் அங்கே வழி பிறந்தது.

இன்னும் அருகில் ஓர் எடுத்துக்காட்டு. இந்தியாவுக்கும் வங்காளதேசத்துக்கும் இடையே, நம் திருபுவனை போலவே, ஒரு நாட்டுக்குள் மறு நாட்டின் துண்டுகளாக 162 நிலப்பகுதிகள் இருந்தன. கச்சத்தீவு உடன்படிக்கை ஏற்பட்ட அதே 1974-இல் அவற்றை மாற்றிக்கொள்ள உடன்பாடு கண்டனர். 41 ஆண்டுகள் கழித்து, 2015 சூலை 31-ஆம் நாள் நள்ளிரவில் அது நிறைவேறியது. அங்கு வாழ்ந்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம், எந்நாட்டுக் குடிமக்களாக இருக்க விரும்புகிறீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்கப்பட்டது. தாமதமாயினும் கேட்டார்களே!

நாம் வேண்டுவது

கேட்பதே முதற்கடமை. 2010-இலும் 2014-இலும் இருகரை மீனவப் பிரதிநிதிகள் நேருக்கு நேர் அமர்ந்து பேசினர். இழுவைமடியைப் படிப்படியாக நிறுத்தவேண்டும் என்பதே அப்பேச்சுகளின் மையம். சொன்னபடி நடக்கவில்லை. காரணம் மீனவனின் பிடிவாதம் மட்டுமன்று, கடன். இழுவைப் படகை விட்டு ஆழ்கடல் படகுக்கு மாற 2017-இல் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. படகு ஒன்றின் விலை 80 இலட்சம் ரூபாய். அதில் எழுபது விழுக்காடு அரசுகளின் மானியம். 2,000 படகுகளை மாற்றுவதே இலக்கு. அவ்விலக்கு எட்டப்படவில்லை, மானியம் போக மீதியைப் புரட்டவும் பலருக்கு வழியில்லை. பக்கத்துக் கடலில் ஒருநாள் தங்கி வரும் தொழிலுக்குப் பழகியவன், வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடக்கத் தயங்குவதும் இயல்பே. இத்திட்டத்தை மீனவரோடு அமர்ந்து திருத்தி நடத்துவது அரசுகளின் கடன். அதுவரையில் துப்பாக்கி மௌனமாயிருக்கட்டும். பிடிபட்ட கூலித் தொழிலாளி விரைவில் வீடு திரும்பட்டும். இரவில் அக்கரையானின் வலை இருக்கும் இடத்தில் நம் மடி இறங்காதிருக்கட்டும்.

நம் இல்லங்களில் செய்யக் கூடியதும் ஒன்று உண்டு. இரவுணவின்போது பிள்ளைகள் கச்சத்தீவைப் பற்றிக் கேட்டால், அது நம்முடையது, அவன் பறித்துக்கொண்டான் என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். காரைக்காலில் கணவனை எதிர்பார்த்து வாசலில் நிற்பவளைப் பற்றிச் சொல்லுங்கள். நெடுந்தீவில் அறுந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு முடிச்சுப் போடுபவளைப் பற்றியும் சொல்லுங்கள். இருவரும் அந்தோனியாரிடம் வேண்டுவது ஒன்றே என்பதையும் சொல்லுங்கள்.

திருபுவனையில் சுங்கச் சாவடி நின்ற காலத்தில், இந்தக் கோடு என்றேனும் அழியும் என்று எண்ணியவர் எத்தனை பேர்? இன்று அதன்மேல் பேருந்து போகிறது; பள்ளிப் பிள்ளைகள் மிதிவண்டியில் போகிறார்கள். கடலில் வரைந்த கோட்டை நாம் அழிக்க வேண்டியதில்லை. அது இருந்துவிட்டுப் போகட்டும். அதன் இருபுறமும் வாழ்பவர்களை ஒரே மேசையில் அமர்த்திக் கேட்டால் போதும். கேட்காமல் போட்ட கோடு காகிதத்தில் முடிந்தாலும் மனிதரிடத்தில் முடிவதில்லை. எல்லையில் வாழ்ந்தறிந்த நம் ஊர்கள் இதனை எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டவை.